கேள்விப்படுதலும் கேட்டலும்



பிறர் சொல்லுக்குச் செவிகொடுத்தல் என்னும் பொருளைப் பற்றி வானொலியிலே பேசுவது சற்று விநோதமான காரியந்தான். நான் பேசுகிறேன், நீங்கள் கேட்கிறீர்கள். நீங்கள் தலையசைப்பதையோ கொட்டாவி விடுவதையோ நான் காண இயலாது. இடையிலே ஒரு வினாவை எழுப்ப நீங்கள் விரும்பினாலும் என் எதிரேயிருக்கும் ஒலிவாங்கி அதனை என்னிடம் கொண்டுவந்து சேர்க்காது.

இக்குறையை உணர்ந்தவர்கள் அதற்கு ஒரு பரிகாரமும் தேடியதுண்டு. 1956 ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலியும் யுனெஸ்கோவும் சேர்ந்து, அன்றைய பம்பாய் மாநிலத்திலே ஏறத்தாழ 150 கிராமங்களில் ஒரு சோதனை நடத்தின. கிராமத்தார் ஒரு சிறு குழுவாகக் கூடி ஒலிபரப்பைக் கேட்பார்கள். கேட்டபின் தம்முள் கலந்து பேசுவார்கள். தமக்குத் தோன்றிய ஐயங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்புவார்கள். அடுத்து வரும் நிகழ்ச்சிகளிலே நிலையம் அவற்றிற்கு விடை கூறும். வானொலிப்பெட்டி மாத்திரம் இருந்த ஊர்களிலும் பார்க்க, இவ்வாறு கூடிக் கேட்ட ஊர்களில் மக்கள் மிக அதிகமாக அறிந்துகொண்டனர் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். பேசுகின்றவருக்கும் காது உண்டு என்று தெரிந்தால், கேட்கின்றவர் இன்னும் கூர்மையாகக் கேட்கிறார் போலும்.

தமிழிலே காதாற் கேட்பதும் கேட்டல், வினாவுவதும் கேட்டல், ஒன்றை வேண்டி நிற்பதும் கேட்டல். மூன்றுக்கும் ஒரே சொல். சிங்கள மொழியிலும் "அஹனவா" என்னும் சொல் செவிமடுத்தலுக்கும் வினாவுதலுக்கும் பொதுவாக வழங்குகிறது. அடுத்தடுத்து வாழும் இரு மொழிகளும் இவ்விடயத்தில் ஒரே எண்ணமுடையனவாயிருப்பது எனக்குப் பெரிதும் மகிழ்ச்சி தருவது. வினாவாதவன் முழுமையாகக் கேட்டவனாகான் என்பது இரு மொழியாரும் கண்ட உண்மையாயிருத்தல் வேண்டும். திருவள்ளுவர் கல்வி என்றோர் அதிகாரமும், அதனையடுத்துக் கல்லாமை என்றோர் அதிகாரமும் வகுத்து, உடனே கேள்வியை வைத்தார். எழுத்தறியாதவருக்கும் அறிவின் வாயில் அடைபட்டுவிடவில்லை என்பதை அந்த வைப்பு முறையே காட்டுகிறதன்றோ?

ஆயினும் நம் பேச்சிலே இன்னொரு சொல்லும் உண்டு. "கேள்விப்பட்டேன்" என்கிறோம். கேள்விப்படுவதற்கு முயற்சி வேண்டுவதில்லை. அது நம்மிடம் தானாக வந்து சேரும்; சந்தையிலே சேரும், பேருந்திலே சேரும், இக்காலத்தில் கையிலுள்ள தொலைபேசியிலே நிமிடந்தோறும் சேருகிறது. கேட்பதற்கோ நாம் ஒருவரிடம் செல்லவேண்டும்; அவர் எதிரே அமரவேண்டும்; அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருக்கவேண்டும். இவ்விரண்டுக்குமுள்ள வேற்றுமையை எங்கள் புத்தளக் கரையின் வரலாறு பலமுறை கண்டிருக்கிறது.

1344 ஆம் ஆண்டில் மொரொக்கோ நாட்டுப் பயணியாகிய இப்னு பதூதா, மாலைதீவிலிருந்து மஃபர் எனப்பட்ட தென்னிந்தியக் கரையை நோக்கிப் புறப்பட்டார். மரக்கலம் வழி தவறி நம் தீவை நெருங்கியது. கரையைக் கண்ட மாலுமிகள் மகிழவில்லை, அஞ்சினார்கள். அது ஆரியச் சக்கரவர்த்தியின் நாடு என்றும், அவர் கொடுங்கோலர் என்றும், கடற்கொள்ளைக்குக் கப்பல்கள் வைத்திருப்பவர் என்றும் அவர்கள் கேள்விப்பட்டிருந்தார்கள். காற்றோ கடுமையாக இருந்தது. "என்னைக் கரையில் இறக்கிவிடுங்கள், மன்னரிடம் நானே பேசி உங்களுக்கு அபயம் பெற்றுத் தருகிறேன்" என்று இப்னு பதூதா கூறினார். அவர் இறங்கிய ஊரை "பத்தாலா" என்று எழுதுகிறார். அறிஞர்கள் அதனைப் புத்தளம் என்றே கொள்வர். மரத்தாலான மதிலும் மரத்தாலான கோபுரங்களும் சூழ்ந்த அழகிய சிற்றூர் என்றும், வெள்ளம் அடித்துக் கொணர்ந்த கறுவா மரங்கள் கரையெங்கும் கிடந்தன என்றும் அவர் வருணிக்கிறார். இன்று அக்கரையிலே கறுவாவைக் காண்பதற்கில்லை. உப்பளங்களையும் தென்னையையும் காணலாம்.

மன்னர் எழுந்து வரவேற்றுப் பக்கத்தில் அமர்த்தினார். அவருக்குப் பாரசீக மொழி விளங்கும். மூன்று நாட்கள் அந்தப் பயணியைத் தம்முடன் வைத்துக்கொண்டு, அவர் கண்ட அரசர்களைப் பற்றியும் நாடுகளைப் பற்றியும் கூறியவற்றையெல்லாம் ஆர்வத்தோடு கேட்டார். ஒரு நாள் மன்னர் எதிரிலே முத்துக்கள் குவிந்திருந்தன. ஏவலாளர் அவற்றைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தனர். "நீர் வந்த நாடுகளிலே முத்துக் குளித்தலைக் கண்டதுண்டா? இவற்றைப்போன்ற முத்துக்கள் அங்கே உண்டா?" என்று மன்னர் வினாவினார். முத்துச் சலாபத்துக்கு உரிய மன்னர் முத்தைப் பற்றி ஒரு வழிப்போக்கரிடம் வினாவுகிறார் என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். பின்னர், "நாணவேண்டாம், வேண்டியதைக் கேளும்" என்றார். பாவா ஆதமின் திருப்பாதத்தைத் தரிசிப்பதே தாம் இத்தீவுக்கு வந்ததன் நோக்கம் என்றார் இப்னு பதூதா. நாம் சிவனொளிபாதமலை என்கின்றோமே, அந்த மலைதான். மன்னர் பல்லக்கும் அதனைச் சுமக்க ஆட்களும் கொடுத்தார். ஆண்டுதோறும் அம்மலைக்கு யாத்திரை செல்லும் யோகியர் நால்வரையும், பிராமணர் மூவரையும், தம் பரிவாரத்தார் பதின்மரையும், உணவு சுமக்கப் பதினைவரையும் உடன் அனுப்பினார். முஸ்லிம் பயணி ஒருவரைப் பௌத்தரும் இந்துக்களும் போற்றும் மலைக்குத் தமிழ் மன்னர் ஒருவர் அனுப்பிவைத்த வரலாறு இது. கொடுங்கோலர் என்று கேள்விப்பட்டு நடுங்கிய அந்தக் கப்பற் தலைவர், "நீர் ஓராண்டு கழித்து வந்தாலும் உமக்காகக் காத்திருப்பேன்" என்று சொல்லி இங்கேயே தங்கிவிட்டார்!

இச்சந்திப்பைப் பற்றி ஆரியச் சக்கரவர்த்தி கூறியது ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. பயணி கூறியதே கிடைத்திருக்கிறது. அதுவும் அவர் தம் கையால் எழுதியதன்று. தாயகம் திரும்பிய பின் சுல்தானின் ஆணைப்படி அவர் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸைய் என்னும் புலவர் கேட்டு எழுதினார். 1355 ஆம் ஆண்டில் அந்நூல் நிறைவெய்தியது. ஒருவர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உலகைச் சுற்றினார். மற்றவர் ஓரிடத்தில் அமர்ந்து கேட்டார். இரண்டாமவர் இல்லையேல் முதலாமவருடைய பயணம் அவரோடே முடிந்திருக்கும்.

இக்கரை ஈன்ற மற்றொரு பெரியவரையும் இங்கே குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை. 1807 இல் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி அவர்கள், இளம் வயதிலேயே புத்தளத்தில் அரசாங்க மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தார்கள். மொழிபெயர்ப்பாளருடைய தொழில் என்ன? ஒருவர் சொல்வதைத் தம் விருப்பு வெறுப்பு ஒன்றையும் கலவாமல் உள்வாங்கி, மற்றொருவருக்கு அவருடைய மொழியிலே கொடுத்தல். வழக்காளி அழுதாலும் சினந்தாலும் அவர் சொன்னதையே சொல்லவேண்டும். கேட்கும் கலைக்கு இதனினும் கடுமையான பள்ளிக்கூடம் இருக்க இயலாது. அந்தப் பள்ளிக்கூடத்திற் பயின்றவர் 1834 இல், தம் இருபத்தேழாம் வயதிலே, இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் அகரவரிசைப்படி விளக்கும் "சிலோன் கசற்றியர்" என்னும் ஆங்கில நூலை வெளியிட்டார். 1838 இல் சட்டநிரூபண சபையின் தமிழ் உறுப்பினரானார். 1859 இல், மறைவதற்கு ஓராண்டு முன்னர், தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தொகுத்துத் "தமிழ் புளூட்டார்க்" என்னும் நூலைத் தந்தார். புலவர்களைப் பற்றிய செய்திகளிற் பல அந்நாளில் ஏட்டில் இல்லை, வாய்மொழியாகவே வழங்கின. அவற்றுட் சில வெறுங் கதை என்று இன்றைய ஆராய்ச்சியாளர் தள்ளுவர். தள்ளுவதற்கும் ஒருவர் கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டுமே!

ஐம்பத்திரண்டு வயதிலும் ஒருவர் பிறர் வாய்ச்சொற்களைத் திரட்டிக்கொண்டிருந்தார் என்பதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. இளமையிலே கேட்பது எளிது. கேளாவிட்டால் அடி விழும். வயதும் பதவியும் ஏற ஏறத்தான் செவி மந்தமாகிறது. மருத்துவர் கருவி வைத்துக் கண்டறியும் மந்தம் அன்று அது. அதிபர் நாற்காலியில் ஒருவர் அமர்ந்துவிட்டால், அறைக்குள் வருகின்றவர்கள் அவருக்கு உவப்பானவற்றையே சொல்லத் தொடங்குகிறார்கள். அவரும் வந்தவர் வாய் திறக்குமுன்னே விடையைத் தயாரித்து வைத்துக்கொள்கிறார். ஆசிரியத் தொழிலுக்கு இது ஒரு தொழில்நோய் என்றே கூறுவேன். நாள்தோறும் விடை தெரிந்த வினாக்களையே கேட்டுக்கேட்டு, விடை தெரியாத வினாவைக் கேட்கும் வழக்கம் நமக்கு விட்டுப்போய்விடுகிறது.

"நேற்று ஏன் வரவில்லை?" என்று வகுப்பிலே கேட்கிறோம். உருவத்தில் இது வினா. உண்மையில் இது தீர்ப்பு. பிள்ளைக்கும் அது தெரியும். ஆகவே "காய்ச்சல்" என்று ஒரு சொல்லில் விடையிறுத்துவிட்டு அமர்ந்துவிடும். எங்கள் பக்கத்திலே கரைவலைக் காலம் வந்தால் இந்தக் காய்ச்சல் பல பிள்ளைகளுக்கு ஒரே நாளில் வரும்! எங்கள் பாடசாலையில் கணிதம் கற்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர், அடிக்கடி வராத ஒரு மாணவனை இடைவேளையின்போது பக்கத்தில் இருத்தி, ஏன் வரவில்லை என்று கேளாமல், வலை இழுக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டார். பையன் சொன்னான். வலைக்குச் சொந்தக்காரருக்கு எவ்வளவு, செலவு கழித்து மிஞ்சியதில் ஆளுக்கு எவ்வளவு, தன்னைப்போன்ற சிறுவனுக்கு முழுப்பங்கில் எத்தனையில் ஒன்று என்பதையெல்லாம் கடதாசியும் பேனாவும் இன்றிக் கணக்கிட்டுச் சொன்னான். பின்னக் கணக்கில் அவன் பெற்றிருந்த புள்ளியோ மிகக் குறைவு. அவ்வாசிரியை மறுநாள் கரும்பலகையிலே மாங்கனியையும் ஆப்பிளையும் கூறுபோடுவதை விட்டு, மீன்பாட்டைப் பங்கிட்டார். பையனுடைய வருகை ஒரே நாளில் சீரடைந்துவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகும். ஆனால் வராத நாளை முன்னதாகவே வந்து சொல்லத் தொடங்கினான். விட்ட பாடத்தையும் கேட்டு எழுதிக்கொண்டான்.

கரைவலையைப் பற்றிப் பேச்சு வந்ததனால், உடப்பிலே வழங்கும் அம்பாப் பாடலைப் பற்றியும் சொல்லவேண்டும். கரைவலைக்கு இரண்டு கயிறுகள். கரையிலே எட்ட எட்ட இரண்டு அணியினர் நின்று இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரு அணியும் ஒன்றையொன்று நெருங்கி வரும். ஒரு பக்கம் விரைந்து மறுபக்கம் பின்தங்கினால் வலை கோணும். மடியை நோக்கி வந்த மீன் வெளியேறிவிடும். ஒருவர் அடியெடுத்துப் பாட மற்றவர்கள் சேர்ந்து மறுமொழி பாடுவார்கள். மறுமொழி எழும்போதே கயிறு நகரும். பாடத் தெரிந்தால் மாத்திரம் போதாது. முன்னிற்பவர் குரலுக்கும் காது வேண்டும். அலையோசைக்கு நடுவே தோழருடைய மூச்சுக்கும் காது வேண்டும். கேளாதவன் கயிற்றிலே கை வைத்திருந்தும் வேலை செய்யாதவனே. பின்னர் பல இடங்களில் உழவு இயந்திரத்திலே வின்ச் பொருத்தி வலை இழுக்கத் தொடங்கினார்கள். முதுகு வலி குறைந்திருக்கிறது. அதைக் குறைகூற எனக்கு உரிமையில்லை, நான் கயிறு இழுத்து வயிறு வளர்த்தவனல்லன். ஆனால் இயந்திரத்தின் இரைச்சலிலே யாரும் யாரையும் கேட்கவேண்டிய தேவையில்லை. பாடல்கள் மேடைக்கும் ஒலிப்பதிவுக்கும் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கின்றன.

இனி, எங்கள் மாவட்டத்தார் எவரும் மறக்க இயலாத ஒன்றுக்கு வருகிறேன். 1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதக் கடைசியில், வடமாகாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இயக்கத்தினர் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்து மக்களுக்கு ஒக்டோபர் 30 ஆம் நாள் கிடைத்த தவணை இரண்டு மணி நேரம். ஏறத்தாழ 75,000 பேர் வீட்டையும் நிலத்தையும் விட்டு நீங்கினார்கள். அவர்களிற் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்துக்கே வந்தனர். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். அப்பொழுது எனக்கு இருபது வயதிருக்கும். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் வீடுகளும் திறந்தன. உலையில் இன்னொரு கொத்து அரிசி போடாத வீடு அன்று எங்கள் ஊரில் இல்லை என்றே சொல்லலாம்.

வாரங்கள் ஆண்டுகளாயின. ஏற்கெனவே வளம் குறைந்த ஒரு கரையிலே கிணற்று நீர், நிலம், கூலி, பாடசாலையில் இடம், அரசாங்க உத்தியோகம் ஆகிய அனைத்தையும் இரு கூட்டத்தாரும் பகிர்ந்துகொள்ள வேண்டியதாயிற்று. அப்பொழுதுதான் கேள்விப்படுதல் தன் வேலையைத் தொடங்கியது. "அவர்களுக்கு நிவாரணமும் கிடைக்கிறது, குறைந்த கூலிக்கு வேலைக்கும் வருகிறார்கள்" என்று இருந்தவர்கள் கேள்விப்பட்டார்கள். "நம்மை இங்கே எவரும் விரும்பவில்லை" என்று வந்தவர்கள் கேள்விப்பட்டார்கள். வகுப்பறையிலே ஒரு பிள்ளை மற்றப் பிள்ளையை "அகதி" என்று அழைத்தது. பெயர் கேட்டறிய வேண்டிய சிரமம் அதனால் மிச்சமாயிற்று.

பாடசாலை மண்டபம் ஒன்றிலே பெற்றார் கூட்டம் நடந்தபோது நான் உடனிருந்தேன். பொருள், பிள்ளைகள் பிந்தி வருவது. உள்ளூர்த் தாய் ஒருவர், கிணற்றடியில் வரிசை நீண்டுவிட்டது, தன் மகள் தண்ணீர் எடுத்து முடிய மணி அடித்துவிடுகிறது என்று குறைப்பட்டார். பின்வரிசையிலிருந்து முகாமைச் சேர்ந்த ஒரு பெண் எழுந்தார். "அக்கா, உங்கட வரிசையில நிக்கப்படாது எண்டுதான் நான் விடியப்புறம் மூண்டு மணிக்கு வாறன். நான் வரேக்குள்ளயும் கிணத்தில தண்ணி ஊறியிருக்கிறேல்ல" என்றார். கூட்டத்தில் ஓசை அடங்கிவிட்டது. ஒருவர் வரிசையைக் கண்டிருந்தார். மற்றவர் வறண்ட கிணற்றைக் கண்டிருந்தார். இரண்டும் ஒரே கிணறு. அன்று பேசியது மனிதரைப் பற்றிய குறையிலிருந்து நீரைப் பற்றிய குறையாக மாறியது. மனுவொன்று இரு திறத்தாருடைய கையொப்பத்தோடும் சென்றது. அதற்கு விடை வர நெடுநாள் பிடித்தது என்பது வேறு கதை.

அந்த வெளியேற்றத்தையே பொருளாகக் கொண்டு, பாதிக்கப்பட்டோர் வாய்மொழியைக் கேட்பதற்காகக் குடிமக்கள் ஆணைக்குழு ஒன்று 2009 இல் லோ அன்ட் சொசைட்டி ட்ரஸ்ட் என்னும் நிறுவனத்தின் முயற்சியால் அமைந்தது. 2011 இல் அதன் அறிக்கை வெளிவந்தது. இடையிலே பத்தொன்பது ஆண்டுகள்! தந்தையாய் வந்தவர் பாட்டனாகிவிட்டார். சொல்லவேண்டிய பலர் மையவாடிக்குப் போய்விட்டனர். இழந்த காணியை அறிக்கை மீட்டுத்தராது. ஆயினும், ஒருவர் எதிரே அமர்ந்து, "அன்று என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று கேட்டு, இடைமறியாமல் எழுதிக்கொள்வது அந்த முதியோருக்கு எத்தகைய ஆறுதலாயிருந்தது என்பதை அவர்களுடைய வீட்டார் சொல்ல நான் அறிந்திருக்கிறேன்.

காலம் தாழ்த்தினால் கேட்பதற்கு ஆள் இராது. புத்தளத்துக்கு அண்மையிலே சிரம்பியடி என்னும் ஊரில் ஆபிரிக்க வழித்தோன்றல்களான சில குடும்பத்தினர் வாழ்கின்றனர். மஞ்சா என்னும் அவர்களுடைய பாட்டும் கூத்தும் பலரும் அறிந்தவை. பாட்டின் மொழி, போர்த்துக்கேய மொழியிலிருந்து கிளைத்த கலப்பு மொழி. நாளாந்தப் பேச்சிலே அது வழக்கொழிந்து, பாட்டிலே எஞ்சியிருக்கிறது. இளையோர் பாடுகிறார்கள், தாளம் தவறாமல் பாடுகிறார்கள். ஒரு சொல்லுக்குப் பொருள் என்னவென்று வினாவினால் முதியோரைச் சுட்டுகிறார்கள். முதியோரும் எல்லாச் சொல்லுக்கும் விடை சொல்ல இயலாத நிலை வந்துவிட்டது.

இதனை எண்ணியே சென்ற ஆண்டு எங்கள் பாடசாலையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தோம். வீட்டிலுள்ள மிக மூத்தவரிடம் போய், அவர் விரும்பியதைச் சொல்லக் கேட்டு, அவருடைய சொற்களிலேயே எழுதிவர வேண்டும். இலக்கணம் திருத்தக்கூடாது, "அப்படியன்று, பாட்டி" என்று மறுக்கக்கூடாது, விளங்காவிட்டால் வினாவலாம். உள்ளூர்ப் பிள்ளைகள் உப்பளத்துக் கூலியைப் பற்றியும், தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் கிழக்குக் கரைக்கு மீன்பிடிக்கப் போன பயணங்களைப் பற்றியும் எழுதி வந்தார்கள். வடக்கிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள், தாம் கண்டறியாத ஒழுங்கைகளையும் கடைத்தெருக்களையும் எழுதி வந்தார்கள். ஒரு மாணவி கொணர்ந்தது அரைப்பக்கந்தான். அவளுடைய பாட்டி கதை ஒன்றும் சொல்லவில்லை; மன்னாரில் விட்டுவந்த வளவிலே நின்ற மரங்களின் பெயர்களைப் படலையிலிருந்து கிணற்றடிவரை வரிசையாகச் சொன்னாராம். அவள் அவற்றை அதே வரிசையில் எழுதியிருந்தாள். முருங்கை இரண்டு முறை வந்திருந்தது. தவறுதலாக இருமுறை எழுதினாயா என்று வகுப்பாசிரியர் வினாவினார். "இல்லை, நானும் பாட்டியைக் கேட்டேன். இரண்டு முருங்கை நின்றதாம்" என்றாள்.

அந்தக் கொப்பிகளை நூலகத்திலே ஓர் அலுமாரித் தட்டில் வைத்திருக்கிறோம். பெற்றார் வந்து வாசிக்கிறார்கள். சிலர் தம் வீட்டுக் கொப்பியை விட்டு அடுத்த வீட்டுக் கொப்பியை எடுக்கிறார்கள். இவ்வாண்டு எட்டாம் வகுப்பாரும் தங்களுக்கு அந்த வேலையைத் தரும்படி கேட்டிருக்கிறார்கள்.